தங்கமீனும் உருளைக்கிழங்கும்: ஒரு கருத்துக் கட்டுரைய எழுதி முடிச்ச கதை

"குழந்தைகள் வாழ்வில் தொழில்நுட்பம்: வரமா? சாபமா?" ஸ்கூல்ல இருந்தே இந்தத் தலைப்பு நம்மள விடாம துரத்துது, இப்ப காலேஜ் இன்டர்னல் மார்க்குக்கும் இதே. தமிழ்ல, டைப் பண்ணி, கருத்துக் கட்டுரையா குடுக்கணும். ஒருவழியா குடுத்தாச்சு, ஆனா கடுப்பு இன்னும் அடங்கல, அடுத்த செட் பசங்களுக்காவது உதவட்டும்னு எழுதுறேன்.

முதல் வரைவ சார்கிட்ட நீட்டினா, அவரு படிக்கவே இல்ல, முன்னுரை முடிவுரைனு தலைப்பு இருக்கானு மட்டும் புரட்டிப் பாத்துட்டு "புள்ளிவிவரமே இல்லையேம்மா, மனுஷனோட கவனம் தங்கமீன விட கம்மியாயிடுச்சுனு எல்லாரும் போட்டிருக்காங்க, நீயும் போடு"ன்னாரு. சரி எங்க இருந்து வந்துச்சுனு போட்டுடலாம்னு தேடினேன். 2015ல மைக்ரோசாஃப்ட் கனடா வெளியிட்ட ஒரு அறிக்கைல அது இருக்கு, 2000ல 12 விநாடியா இருந்த கவனம் 2013ல 8 ஆயிடுச்சாம், தங்கமீனுக்கு 9 ஆம். ஆனா அது அவங்க ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்சது கிடையாது, ஸ்டாட்டிஸ்டிக் பிரெய்ன்னு ஒரு வெப்சைட்ல இருந்து எடுத்தது. 2017ல பிபிசிக்காரங்க அந்த சைட் சொன்ன மூலத்தையெல்லாம் தேடிப் போனா யாருகிட்டயும் அப்படி ஒரு ஆய்வே இல்ல. இத சார்கிட்ட சொன்னா "நெட்ல இருக்குல்லம்மா, போடு". நான் போட்டேன், ஆனா ஒரு நம்பர் எப்படி ஆதாரமே இல்லாம ஊரு சுத்துதுங்கறதுக்கு உதாரணமா போட்டேன். அந்தப் பத்திக்குப் பக்கத்துல மட்டும் அவரு டிக் போட்டிருந்தாரு, படிச்சுட்டுப் போட்டாரா தெரியல.

அடுத்த எரிச்சல் லைப்ரரி. ஜர்னல் பாக்கணும்னு போனா சிஸ்டம் ரூம் பூட்டியிருக்கு, சாவி மேடம்கிட்ட இருக்கு, மேடம் லீவு, எப்ப வருவாங்கனு கேட்டா அங்க இருந்த அண்ணா நான் என்னமோ அவரு சொத்த எழுதிக் கேட்ட மாதிரி பாக்குறாரு. பஸ் காசு தண்டம். அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சுது, இதுக்கு லைப்ரரியே தேவையில்ல, ஆய்வுக் கட்டுரையோட சுருக்கம் நெட்ல ஃப்ரீயாவே கிடைக்கும், நம்ம கட்டுரைக்கு முக்கியமான நம்பர் பெரும்பாலும் அதுலயே இருக்கும்.

அப்படிக் கிடைச்சதுதான் உருளைக்கிழங்கு. ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கினு ஆக்ஸ்ஃபோர்டுல ரெண்டு பேரு, மூணரை லட்சம் டீனேஜ் பசங்களோட டேட்டாவ வச்சு 2019ல எழுதினது. பசங்க மனநலத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல டிஜிட்டல் பயன்பாட்டோட பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தானாம், அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடறதுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு வருதாம். இதப் பாத்ததும் எனக்கு செம குஷி, ஆனா இத மட்டும் எடுத்துட்டு ஓடாதீங்க, ஏன்னா அதே ஓர்பனும் ஷிபில்ஸ்கியும் இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து 2022ல இன்னொண்ணு எழுதியிருக்காங்க, பொண்ணுங்களுக்கு 11-13, பசங்களுக்கு 14-15, அப்புறம் ரெண்டு பேருக்கும் 19 வயசுல சோஷியல் மீடியா அதிகமா பாத்தா ஒரு வருஷம் கழிச்சு வாழ்க்கைல திருப்தி குறையுதுனு. ஒண்ணப் போட்டு இன்னொண்ண மறைச்சா படிக்கறவங்க கண்டுபிடிச்சுடுவாங்க, ரெண்டையும் போட்டா உங்க பக்கம் வலுவா நிக்கும்.

அதனாலதான் சொல்றேன், "குழந்தைகள்"னு மொத்தமா எழுதாதீங்க, எந்த வயசுனு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. எங்க அக்கா பையனுக்கு மூணு வயசு, ஃபோன்ல ரைம்ஸ் ஓடினாதான் வாயே திறப்பான். அவனும் பிளஸ் ஒன் படிக்கற பொண்ணும் ஒண்ணா? 2020ல ஸ்கூல் மூடினப்ப ஒரே ஃபோன வச்சு அண்ணன் தம்பி தங்கச்சினு முறை வச்சு கிளாஸ் கவனிச்ச வீடு எத்தன, அவங்ககிட்ட போய் ஃபோன் சாபம்னு சொல்ல முடியுமா. ஃபோன் கட்டுப்பாடுங்கறத நான் அஞ்சு வயசுக்குக் கீழனு சுருக்கிட்டேன். உலக சுகாதார அமைப்பு 2019ல சொன்னது இருக்கு, ரெண்டு வயசு ஆகற வரைக்கும் ஸ்க்ரீனே வேணாம், 2ல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம். சாப்பாட்டு நேரத்துல ஃபோன் கூடவே கூடாது, வளர்ந்த பசங்ககிட்ட பிடுங்கறது தீர்வாகாது, இதான் என் கட்சி. அக்கா படிச்சுட்டு ரெண்டு நாள் என்கூட பேசல.

"தீர்வு எங்கம்மா"ன்னு சார் அடுத்து கேட்டாரு. ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்குக் கீழ சோஷியல் மீடியா கணக்கு வச்சுக்கக் கூடாதுனு 2025 டிசம்பர் 10ல இருந்து சட்டம், அத எழுதினேன். சட்டம் பத்தி எழுதறவங்க தேதியப் பாருங்க ப்ளீஸ். என் ஃப்ரெண்டு ஒருத்தி, பணம் வச்சு விளையாடற ஆன்லைன் கேம் நைட்டு 12ல இருந்து 5 வரைக்கும் கிடையாதுனு 2025 பிப்ரவரில தமிழ்நாட்டுல வந்த விதிய எழுதிட்டா, ஆனா அதே வருஷம் ஆகஸ்ட்ல மத்திய அரசு அந்த மாதிரி கேமையே மொத்தமா தடை பண்ணி சட்டம் போட்டுடுச்சு. அவ எழுதின பத்தி மொத்தமும் அவுட்.

அப்புறம் "இன்றைய நவீன உலகில்"னு ஆரம்பிச்சு "இருமுனைக் கத்தி"னு முடிக்காதீங்க. பாதி கிளாஸ் ஏஐகிட்ட எழுதி வாங்கிட்டு வந்துட்டு எல்லாருக்கும் ஒரே முதல் வரி, சார் வரிசையா சத்தமா படிச்சுக் காட்டினாரு, மானம் போச்சு.

எழுதறத விட பிரிண்ட் எடுக்கறதுதான் பெரும்பாடு. நான் ஃபோன்ல யூனிகோட்ல அடிச்சிருந்தேன், ஜெராக்ஸ் கடை அண்ணா கம்ப்யூட்டர்ல திறந்தா கட்டம் கட்டமா வருது. பிடிஎஃப் ஆக்கி பிரிண்ட் எடுத்து டிபார்ட்மென்ட் ஆஃபீஸுக்குப் போனா அங்க "வானவில் ஃபாண்ட்ல இருந்தாதான் வாங்குவோம்"ங்கறாங்க, அது யூனிகோட் இல்லாத பழைய மாதிரி தமிழ் ஃபாண்ட். சர்குலர்ல எங்க மேடம் போட்டிருக்குனு கேட்டா "எப்பவும் அப்படித்தான்". திரும்ப கடை, என்எச்எம் கன்வர்ட்டர்னு ஃபாண்ட் மாத்தற சாஃப்ட்வேர்ல போட்டு மாத்தினா தமிழெல்லாம் சரி, ஆனா இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருந்த பேரெல்லாம் என்னமோ பேய் மந்திரம் மாதிரி தமிழ் எழுத்தா வந்து நிக்குது, ஏன்னா அந்த ஃபாண்ட்ல இங்கிலீஷ் எழுத்து இருக்கற இடத்துலதான் தமிழ் எழுத்து உக்காந்திருக்கும். ஓர்பன், ஷிபில்ஸ்கி எல்லாத்தையும் தமிழ்லயே திருப்பி அடிச்சு, சாயங்காலம் ஆஃபீஸ் பூட்டறதுக்குள்ள ஓடிக் குடுத்தேன். மேடம் ஃபாண்டப் பாக்கவே இல்ல, கட்டோட சேத்து வச்சுட்டாங்க.

அதனால டைப் பண்றதுக்கு முன்னாடியே எந்த ஃபாண்ட்னு ஆஃபீஸ்ல கேட்டு, முடிஞ்சா எழுதியே வாங்கிக்கோங்க. மார்க் இன்னும் போடல, ஆனா நேத்து வராண்டால பாத்தப்ப சார் "அந்த உருளைக்கிழங்கு நெஜமாவாம்மா?"ன்னு கேட்டாரு.