கொழும்பு - கண்டி இ1 லைனில் சர்க்யூட் எமியுலேஷன் கார்ட் போட்ட அனுபவம்

கொழும்புக் கோட்டையில் இருக்கும் எங்கள் தலைமைக் கந்தோரின் பி.ஏ.பி.எக்ஸையும் (கந்தோருக்குள் இருக்கும் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) கண்டிக் கிளையின் பி.ஏ.பி.எக்ஸையும் நேரடியாக இணைக்க வேண்டும், உள்ளுக்குள் பேசுகிற பேச்சுக்கெல்லாம் வெளியூர்க் கட்டணம் கட்ட முடியாது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. இரண்டு இடத்திலும் ஏடிஎம் ஸ்விட்ச் (பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல, தகவலை 'செல்' என்ற சின்னப் பொதிகளாக அனுப்புகிற நெட்வொர்க் கருவி) ஏற்கனவே இருந்தது. நடுவில் குத்தகைக்கு எடுத்த ஒரே ஒரு இ1 லைன் (32 டைம்ஸ்லொட்டாகப் பிரித்த 2.048 எம்பிபிஎஸ் டிஜிட்டல் லைன்; இதைத்தான் கீழே தடம் என்கிறேன்), அதில் டேட்டா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சர்க்யூட் எமியுலேஷன் கார்டை, அதாவது பி.ஏ.பி.எக்ஸின் இ1 ஐச் செல்களில் ஏற்றி மறுபக்கத்தில் அப்படியே இறக்குகிற கார்டை, செருகி பி.ஏ.பி.எக்ஸை அதில் மாட்டிவிட்டால் போதும் என்று சொல்வது சுலபம். இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கார்டைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால், கிளொக் (பிட்கள் போகிற வேகத்தை நிர்ணயிக்கிற துடிப்பு) எங்கிருந்து புறப்பட்டு எந்த வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. குரலுக்கு ஒரு இ1, தடத்துக்கும் ஒரு இ1, ஆகவே சரியாகப் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். பொருந்தாது. ஏடிஎம் ஓடுகிற இ1 இல் 30 டைம்ஸ்லொட்தான் செல்களுக்கு, அதாவது 1.92 எம்பிபிஎஸ். ஒரு செல் 53 பைட், 424 பிட், ஆக செக்கனுக்கு 4528 செல் போகும். ஆனால் அந்த 53 பைட்டில் 5 பைட் ஹெடருக்கும் 1 பைட் ஏஏஎல்1 க்கும் (குரலைச் செல்லில் அடுக்குகிற முறை) போய்விடுகிறது, மிச்சம் 47. வேண்டிய ஸ்லொட்டுகளை மட்டும் எடுத்து அனுப்புகிற ஸ்ட்ரக்சர்ட் முறையில், எட்டு செல்லுக்கு ஒரு தடவை இன்னொரு பைட் பாயிண்டருக்கு, அதாவது ஸ்லொட் கட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புக்குப் போகும். இப்படிப் பார்த்தால் 30 ஸ்லொட் குரலுக்கு செக்கனுக்கு 5120 செல் வேண்டும். அன்ஸ்ட்ரக்சர்டாக 2.048 எம்பிபிஎஸ் முழுவதையும் அப்படியே அனுப்பினால் 5447. இரண்டுமே தடத்தைவிடப் பெரியது, அதுவும் டேட்டாவுக்கு ஒன்றுமே மிச்சம் வைக்காமல்.

ஆகவே முழு இ1 என்ற யோசனையை அங்கேயே விட்டோம். உச்ச நேரத்தில் கண்டியோடு ஒரே சமயத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பி.ஏ.பி.எக்ஸின் பதிவுகளைப் பார்த்ததில் 15 அழைப்பு தாராளம் என்று தெரிந்தது. இங்கே ஒரு வசதி: சிக்னலிங் (அழைப்பைத் தொடங்கி முடிக்கிற தகவல்) போகிற 16ஆம் ஸ்லொட் அந்த 15க்கு அடுத்ததாகவே இருக்கிறது. எங்கள் கார்டில் போர்ட் சேர்க்கும்போது ஆரம்ப ஸ்லொட்டையும் எத்தனை ஸ்லொட் என்பதையும் மட்டும்தான் கேட்கும், நடுவில் விட்டுவிட்டு எடுக்க முடியாது, அதனால் 1 முதல் 16 வரை ஒரே கட்டாக எடுத்தது மிகவும் பொருந்தியது. 16 ஸ்லொட்டுக்கு செக்கனுக்கு 2731 செல். 4528 இல் அதைக் கழித்தால் டேட்டாவுக்கு 1797 செல் மிச்சம், கிட்டத்தட்ட 760 கேபிபிஎஸ், அதாவது முன்பு டேட்டாவிடம் இருந்ததில் பாதிக்கும் குறைவு. டேட்டாப் பக்கத்து ஆட்களோடு இதை வைத்து நிறையக் கதைக்க வேண்டி வந்தது, ஆனால் எண்ணைக் காட்டிக் கதைத்தால் ஒத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது 16ஆம் ஸ்லொட்டில் என்ன ஓடுகிறது என்ற கேள்வி. பி.ஏ.பி.எக்ஸ் பக்கத்தைப் பார்த்தவர் வெள்ளவத்தையில் இருந்து வருகிற ஒரு மூத்த டெக்னீஷியன். "தம்பி, இது க்யூசிக். பதினாறை நீங்கள் தொடவே வேண்டாம், அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார். க்யூசிக் என்பது பி.ஏ.பி.எக்ஸ்கள் தங்களுக்குள் பேசுகிற ஒரு சிக்னலிங் முறை, அப்படியென்றால் அந்த ஸ்லொட்டில் போவது வெறும் டேட்டா, கார்டுக்கு அதைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை, ஆகவே காஸ் (ஒவ்வொரு குரல் ஸ்லொட்டுக்கும் தனித்தனி சிக்னலிங் பிட்) இல்லாத அடிப்படை முறை போதும். பழைய இ அண்ட் எம் மாதிரி காஸ் சிக்னலிங் என்றால் நிலைமை வேறு, அப்போது கார்டிடம் காஸ் என்று சொல்லியே ஆக வேண்டும், செல் கணக்கும் கொஞ்சம் ஏறும். இதை பி.ஏ.பி.எக்ஸ் ஆளிடம் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

வயரிங் பற்றி அதிகம் இல்லை. கார்டின் பின்பக்கம் 75 ஓம் பிஎன்சி, பி.ஏ.பி.எக்ஸில் 120 ஓம் ஆர்ஜே45, நடுவில் இரண்டையும் பொருத்துகிற பாலன் போட்டோம். லைன் கோடிங் (பிட்டை மின்துடிப்பாக்குகிற முறை) எச்டிபி3, இரண்டு பக்கமும் ஒன்றுதான். பிழை பார்க்கிற சிஆர்சி-4 ஒரு பக்கம் இருந்து மற்றப் பக்கம் இல்லாவிட்டால் அலாரம் வரும், அதையும் பேசி வைத்துக்கொண்டோம்.

கந்தோர் கலைந்த பிறகு வேலையைத் தொடங்கினோம். லைனை எழுப்பி, போர்ட் சேர்த்து, கனெக்ஷன் போடும்போது எங்கள் ஸ்விட்சில் ஸ்லேவ் முனையை முதலில் உருவாக்க வேண்டும், அது தருகிற முகவரியை எடுத்துத்தான் மாஸ்டர் முனையை மற்றப் பக்கத்தில் போட வேண்டும். கண்டியை ஸ்லேவ் ஆக்கினோம். எல்லா விளக்கும் பச்சை. கண்டியில் போன் அடித்தது, எடுத்துப் பேசினார்கள், குரல் தெளிவு. ஆனால் காதை வைத்துக் கவனமாகக் கேட்டால் நடுநடுவே ஒரு சின்ன 'டிக்'. ஃபேக்ஸ் அனுப்பிப் பார்த்தால் பாதிப் பக்கத்தில் அறுந்தது.

ஸ்லிப் என்று அந்த மூத்தவர் உடனே சொல்லிவிட்டார். கோட்டை பி.ஏ.பி.எக்ஸ் தன் கிளொக்கை தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருந்து வருகிற பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைனில் எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்விட்சோ வந்தபடியே தன் சொந்த ஒஸிலேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, டேட்டாவுக்கு அது ஒரு குறையே இல்லை. ஒருவர் வாளியில் தண்ணீர் ஊற்ற இன்னொருவர் வேறு வேகத்தில் மொண்டெடுத்தால் ஒன்று வழியும் அல்லது வற்றும், அதுதான் இங்கும். வழிகிற ஒவ்வொரு தடவையும் 125 மைக்ரோசெக்கன் நீளமுள்ள ஒரு முழு ஃபிரேம் (எல்லா ஸ்லொட்டும் ஒரு தடவை வருகிற சுற்று) தொலைகிறது. இரண்டு கிளொக்குக்கும் இடையில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் என்றால் இரண்டரை செக்கனுக்கு ஒரு ஸ்லிப். 4.6 பிபிஎம் என்ற நல்ல தரத்தில் இருந்தாலும் சுமார் 27 செக்கனுக்கு ஒன்று. பேசுகிறவருக்கு அது ஒரு டிக், பொறுத்துக்கொள்வார். ஃபேக்ஸ் ஒரு பக்கம் அனுப்ப எடுக்கிற நேரத்துக்குள் ஒன்றாவது விழுந்துவிடும், அது பொறுக்காது. லைனின் புள்ளிவிவரத்தைத் திறந்து பார்த்தால் ஸ்லிப் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அலாரப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போயிருந்தால் இது தெரிந்திருக்காது.

செல்களின் உதவியோடு மறுமுனையில் கிளொக்கை மீட்டெடுக்கிற அடாப்டிவ் கிளொக்கோ எஸ்ஆர்டிஎஸ்ஸோ போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். எங்கள் கார்டில் அவை அன்ஸ்ட்ரக்சர்டுக்கு மட்டும்தான். ஸ்ட்ரக்சர்ட் என்றால் இரண்டு முனையும் ஒரே நெட்வொர்க் கிளொக்கில் நின்றாக வேண்டும். அன்ஸ்ட்ரக்சர்டுக்கோ எங்களிடம் இடமே இல்லை என்று மேலே கணக்குப் பார்த்தாயிற்று.

ஆகவே தாளில் இப்படி வரைந்தோம். எக்ஸ்சேஞ்சின் கிளொக் பிஆர்ஐ வழியாக கோட்டை பி.ஏ.பி.எக்ஸுக்கு. அங்கிருந்து இ1 வழியாக எங்கள் கார்டுக்கு, அந்த லைனையே ஸ்விட்சின் முதன்மை கிளொக் மூலமாக வைத்தோம், உள் ஒஸிலேட்டரை இரண்டாவதாக. கோட்டை ஸ்விட்சில் இருந்து தடம் வழியாக கண்டி ஸ்விட்சுக்கு. கண்டி ஸ்விட்ச் தன் கார்ட் வழியாக கண்டி பி.ஏ.பி.எக்ஸுக்குக் கொடுக்கும், அது அதை மட்டுமே எடுக்கும். கண்டியில் வெளி லைன்கள் எல்லாம் அனலொக் என்பதால் அங்கே வேறு கிளொக் குறுக்கே வரவில்லை. அங்கும் ஒரு பிஆர்ஐ இருந்தாலும் பெரிய பயம் தேவையில்லை, இரண்டு பக்கமும் ஜி.811 என்ற மிகத் துல்லியமான தரத்து மூலக் கிளொக்கில் இருந்து வந்தால் 70 நாளுக்கு மேல் போனால்தான் ஒரு ஸ்லிப் விழும். ஒரே ஒரு விதி: வட்டமாகச் சுற்றி கிளொக் தன்னிடமே திரும்பி வரக்கூடாது.

மாற்றியதும் ஸ்லிப் எண் அப்படியே நின்றது. டெஸ்டரை கோட்டையில் மாட்டி, கண்டியில் லூப் போட்டு (வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும்படி) விடிய விடிய பிட் எரர் ஓடவிட்டோம், ஃபேக்ஸும் போனது.

கடைசியாகத் தொட்டது பஃபர். 16 ஸ்லொட்டில் ஒரு செல் நிறைய 0.37 மில்லிசெக்கன்தான் ஆகும் (ஒரே ஒரு ஸ்லொட் என்றால் 5.875 மில்லிசெக்கன், எதிரொலி அங்கேதான் காதில் விழத் தொடங்கும்). ஆனால் செல்கள் வந்து சேருகிற நேரம் முன்பின்னாக இருப்பதைத் தாங்க வைக்கிற பஃபரும் தாமதத்தைக் கூட்டுகிறது. இ1 தடத்தில் ஒரு செல் வெளியேறவே 0.22 மில்லிசெக்கன், குரலுக்கு முன்னுரிமை கொடுத்தாலும் ஏற்கனவே புறப்பட்ட டேட்டா செல் போய் முடியக் காத்திருக்க வேண்டும். பெரிய அளவில் தொடங்கி, பகலில் டேட்டா நிறைய ஓடும்போது அண்டர்ஃப்ளோ எண் (பஃபர் எத்தனை தடவை வற்றியது என்ற கணக்கு) அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குறைத்து, அசையாத கடைசி அளவுக்கு மேல் கொஞ்சம் விட்டு வைத்தோம்.

அப்புறம் இரண்டு வயரைக் கழற்றிப் பார்த்தோம். பிஆர்ஐயைக் கழற்றினால் கோட்டை பி.ஏ.பி.எக்ஸ் தன் சொந்தக் கிளொக்குக்குப் போகிறது, ஸ்விட்சும் கண்டியும் அதன் பின்னால் போகின்றன, உள் அழைப்பில் ஸ்லிப் இல்லை. பி.ஏ.பி.எக்ஸுக்கும் கார்டுக்கும் இடையிலான வயரைக் கழற்றினால் ஸ்விட்ச் உள் ஒஸிலேட்டருக்குத் தாவுகிறது, ஆனால் வயரைத் திரும்ப மாட்டியதும் தானாக முதன்மைக்கு வரவில்லை, கையால் மாற்ற வேண்டியிருந்தது. இந்த நடத்தை ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் வேறுபடும், உங்களுடையதில் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களிடம் அந்தக் கட்டளையும் கிளொக் வரைபடமும் ரேக்கின் கதவில் ஒட்டியிருக்கின்றன, இரவு வேலைக்கு வருகிறவர் அதைப் பார்த்தே செய்துவிடுகிறார்.