ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் திருத்திப் பார்த்தது: 30 கெடுத்ததை 15 சரிசெய்தது

ஓஎஸ்பிஎஃப் என்பது ரௌட்டர்கள் தங்களுக்குள் பேசி, மொத்த காஸ்ட் (லிங்குக்கு வைக்கும் விலை) குறைந்த பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை. அதைச் சோதித்தது ஒரே லினக்ஸ் கணினியில்: நான்கு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்தனி நெட்வொர்க் உள்ள அறைகள் போல), ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஓடும் எஃப்ஆர்ஆர் (ரௌட்டர் வேலை செய்யும் மென்பொருள்). ரௌட்டர்களுக்கு எண் வைத்தால் காஸ்ட் எண்ணோடு குழம்பும் என்பதால் பெயர் மேற்கு, வடக்கு, தெற்கு, கிழக்கு. மேற்கிலிருந்து கிழக்குக்கு இரண்டு பாதை: ஒன்று வடக்கு வழி, ஒன்று தெற்கு வழி. வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் ஒரு குறுக்கு லிங்க். ஆக மொத்தம் ஐந்து விஈத் (இரண்டு முனை கொண்ட மெய்நிகர் கேபிள்) ஜோடிகள்.

முகவரிகள்: மேற்கு-வடக்கு 10.0.12.0/30, மேற்கு-தெற்கு 10.0.13.0/30, வடக்கு-தெற்கு 10.0.23.0/30, வடக்கு-கிழக்கு 10.0.24.0/30, தெற்கு-கிழக்கு 10.0.34.0/30. எல்லா லிங்கிலும் முதலில் பெயர் வரும் ரௌட்டருக்கு .1, மற்றதற்கு .2. லூப்பேக் (எந்த லிங்கையும் சாராமல் ரௌட்டருக்கே உரிய முகவரி) முறையே 10.255.0.1 (மேற்கு), 0.2 (வடக்கு), 0.3 (தெற்கு), 0.4 (கிழக்கு).

வேண்டியது இது: மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே ஓடுவது எல்லாம் வடக்கு வழியாகப் போக வேண்டும், தெற்கு வழி ஸ்பேர். ஆனால் தெற்குக்கே போக வேண்டிய பாக்கெட் நேர் லிங்கில் போக வேண்டும், ஊர் சுற்றக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையை எழுதி வைக்காமல் ஆரம்பித்தால் பாதி வேலை திரும்பச் செய்ய நேரும். அது கீழே வருகிறது.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

எஃப்ஆர்ஆரின் டீமன்ஸ் ஃபைலில் ஓஎஸ்பிஎஃப்டி வரியை ‘யெஸ்’ ஆக்க வேண்டும். புது நேம்ஸ்பேஸில் லூப்பேக் டவுன் நிலையில்தான் பிறக்கும், அதை அப் செய்ய வேண்டும். ஐபி ஃபார்வர்ட் (பிறர் பாக்கெட்டைக் கடத்திவிடும் அனுமதி) 1 தானா என்று நான்கிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இது 0 ஆக இருந்தால் நெய்பர் ஃபுல் ஆகும் (பக்கத்து ரௌட்டரோடு தகவல் பரிமாற்றம் முடிந்த நிலை), ரௌட் டேபிளும் அழகாக இருக்கும், பக்கத்து ரௌட்டருக்கு பிங் போகும். ஒரு ரௌட்டரைத் தாண்டியதும் செத்துவிடும். ஓஎஸ்பிஎஃப்பில் தப்பு தேடி நேரம் போகும்.

விஈத் ஈதர்நெட் வகை என்பதால் ஓஎஸ்பிஎஃப் அதை பிராட்காஸ்ட் என்றே எடுத்துக்கொண்டு டிஆர் (லிங்குக்குப் பொதுவான தலைமை ரௌட்டர்) தேர்தல் நடத்தும். அதற்கு 40 விநாடி காத்திருக்கும். இரண்டே ரௌட்டர் உள்ள லிங்குக்கு இது வீண். ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயின்ட்-டு-பாயின்ட்’ என்று இன்டர்ஃபேஸில் போட்டால் தேர்தல் கிடையாது. இரண்டு முனையிலும் போட வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்டால் ஹலோ (உயிரோடு இருப்பதைச் சொல்லும் செய்தி) 10 விநாடி, டெட் (ஹலோ வராமல் காத்திருக்கும் நேரம்) 40 விநாடி என இரண்டு வகைக்கும் நேரம் ஒன்றாகவே இருப்பதால் நெய்பர் ஃபுல் வரை போய்விடும். ஒரு பக்கம் ‘ஃபுல்/-’ என்றும் மறுபக்கம் ‘ஃபுல்/டிஆர்’ அல்லது ‘ஃபுல்/பேக்கப்’ என்றும் காட்டும். ரௌட் மட்டும் வராது. ஒருவர் எல்எஸ்ஏவில் (தன் லிங்குகளைப் பற்றி ரௌட்டர் பரப்பும் அறிக்கை) ‘எதிரே ஒரு ரௌட்டர்’ என்று எழுத, மற்றவர் ‘எதிரே ஒரு நெட்வொர்க்’ என்று எழுதுகிறார்; இரண்டும் பொருந்தாததால் எஸ்பிஎஃப் கணக்கு (குறைந்த காஸ்ட் பாதையைத் தேடுவது) அந்த லிங்கையே தள்ளிவிடுகிறது. ஃபுல் என்ற வார்த்தையைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாத இடம் இது. (ஃபுல் ஆகும் முன் வரும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் மாட்டி நின்றால் அது வேறு நோய், பாக்கெட் அளவின் வரம்பான எம்டியூ இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை.)

முதல் சுற்று: எல்லாம் 1

எதையும் தொடாமல் விட்டால் ஐந்து லிங்கின் காஸ்டும் 1. ரெஃபரன்ஸ் பேண்ட்வித் 100 எம்பிபிஎஸ். காஸ்ட் என்பது அதை லிங்க் வேகத்தால் வகுத்தது, 1-க்குக் கீழே போகாது. விஈத் தன் வேகம் 10,000 எம்பிபிஎஸ் என்று சொல்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் எது வந்தாலும் 1 தான். ஓஎஸ்பிஎஃப்பின் தரநிலையான ஆர்எஃப்சி 2328 வெளியான 1998-ல் அது பெரிய வேகம். இன்று ஜிகாபிட்டும் 10 ஜிகாபிட்டும் ஒரே விலை என்று ஆகிவிடுகிறது.

ரௌட்டர் ஓஎஸ்பிஎஃப்புக்குள் ‘ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 100000’ போட்டதும் காஸ்ட் 10 ஆனது. வேண்டுமென்றே தெற்கில் மட்டும் போடாமல் விட்டுப் பார்த்ததில் மேற்கிலிருந்து கிழக்குக்கு வடக்கு வழி 10+10=20, தெற்கு வழி 10+1=11. எல்லா ட்ராஃபிக்கும் தெற்கில் போய் விழுந்தது. இந்தக் கட்டளை கொடுக்கும்போது எல்லா ரௌட்டரிலும் ஒன்றாக வை என்று எஃப்ஆர்ஆரே எச்சரிக்கிறது. படிக்காமல் தாண்டிப் போவது வழக்கம். தெற்கிலும் போட்ட பிறகு இரண்டு பாதையும் 20, ஈசிஎம்பி (சம காஸ்ட் பாதைகளில் ட்ராஃபிக்கைப் பிரிப்பது).

இங்கே பிங் வைத்துப் பாதை பார்ப்பவர்களுக்கு ஒன்று. லினக்ஸில் மல்டிபாத் ஹேஷ் பாலிசி இயல்பாக 0, அதாவது மூல முகவரி, சேரும் முகவரி இரண்டை மட்டும் வைத்துப் பாதை பிரிக்கும். ஆயிரம் பிங் அடித்தாலும் ஒரே பக்கம்தான் போகும். அதை வைத்து ஈசிஎம்பி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மேற்கின் லூப்பேக்கில் 10.255.1.1 முதல் 1.8 வரை எட்டு முகவரி கூடுதலாகப் போட்டு, மாற்றி மாற்றி அடித்தால் இரண்டு பக்கமும் பிரிவது தெரியும்.

டிரேஸ்ரூட்டைவிட இந்த வேலைக்கு பழைய ‘பிங் -ஆர்’ நல்லது. டிரேஸ்ரூட் போகும் வழியை மட்டும் காட்டும். இது வழியில் உள்ள ஒவ்வொரு ரௌட்டரும் பாக்கெட்டை வெளியே அனுப்பும் இன்டர்ஃபேஸின் முகவரியைத் தலைப்பில் எழுத வைக்கும், திரும்பி வரும்போதும் எழுதும். ஒன்பது இடம்தான் உண்டு. இந்த அளவு வலைக்குப் போதும்.

இரண்டாம் சுற்று: 30 போட்டுக் கெடுத்தது

மேற்கில் தெற்கைப் பார்க்கும் இன்டர்ஃபேஸில் ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 30’. மேற்கிலிருந்து வடக்கு வழி 20, தெற்கு வழி 30+10=40. டேபிளில் கிழக்குக்கு ஒரே நெக்ஸ்ட்ஹாப் (அடுத்த ரௌட்டர்), வடக்கு. வேலை முடிந்தது போலத் தெரியும்.

எட்டு முகவரிகளிலிருந்தும் பிங் அடித்தால் சிலவற்றுக்கு பதில் வருகிறது, சிலவற்றுக்கு வரவில்லை. எத்தனை முறை அடித்தாலும் வராதவை அதே முகவரிகள்தான். காரணம் இரண்டு சேர்ந்தது. ஒன்று, காஸ்ட் பாக்கெட் வெளியேறும் இன்டர்ஃபேஸுக்கு மட்டும்தான்; மேற்கில் போட்ட 30, கிழக்கிலிருந்து திரும்பி வருவதைத் தொடாது. கிழக்குக்கு இன்னும் இரண்டு பாதையும் 20, அதனால் சில பதில்கள் தெற்கு வழியே வருகின்றன. இரண்டு, மேற்கில் ஆர்பி ஃபில்டர் (பாக்கெட் வந்த வழி சரியா என்று பார்க்கும் சோதனை) 1. கிழக்குக்குப் போக வடக்கு இன்டர்ஃபேஸ்தான் வழி என்று டேபிள் சொல்லும்போது, கிழக்கின் பாக்கெட் தெற்கு இன்டர்ஃபேஸில் வந்தால் கர்னல் அதைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். முதல் சுற்றில் இதே ஃபில்டர் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஈசிஎம்பி ரௌட்டில் இரண்டு இன்டர்ஃபேஸுமே இருந்ததால் சோதனை தாண்டியது. லாக் மார்ஷியன்ஸ் ஆன் செய்தால் கர்னல் லாகில் தெரியும்.

ஃபில்டரை 2 (தளர்த்திய சோதனை) ஆக்கினால் பதில் வந்துவிடும். ‘ஆல்’ (எல்லா இன்டர்ஃபேஸுக்கும் பொதுவான) மதிப்பும் இன்டர்ஃபேஸ் மதிப்பும் இரண்டில் எது பெரியதோ அதுவே செல்லும் என்பதை மறக்க வேண்டாம்: ஆல் 1 ஆக இருக்கும்போது இன்டர்ஃபேஸில் 0 போட்டுப் பயனில்லை. 2 போட்ட பிறகு ‘பிங் -ஆர்’ பட்டியலில் மேற்கின் முகவரிக்கு அடுத்து 10.0.24.1, அப்புறம் கிழக்கு, அப்புறம் 10.0.13.2. போனது வடக்கு, வந்தது தெற்கு.

சரி என்று கிழக்கிலும் தெற்கைப் பார்க்கும் இன்டர்ஃபேஸுக்கு 30. இப்போது மேற்கு-கிழக்கு இரண்டு திசையும் வடக்கில். ஆனால் மேற்கிலிருந்து தெற்கின் லூப்பேக்குக்கான ரௌட்டைப் பார்த்தால் நெக்ஸ்ட்ஹாப் வடக்கு! நேர் லிங்க் 30, வடக்கு போய் குறுக்கு லிங்கில் இறங்கினால் 10+10=20. கயிறு கட்டினாற்போல நேராக ஒரு லிங்க் இருக்க, பாக்கெட் சுற்றிக்கொண்டு போகிறது. பதில் மட்டும் நேர் லிங்கில் 10-க்கு வருகிறது. ஃபில்டர் 1 இருந்தால் இந்த முறை சுற்றி வந்த பாக்கெட்டைத் தெற்கு தூக்கி எறிந்துவிடும்.

காஸ்டை ‘இந்த லிங்க் எனக்கு எவ்வளவு பிடிக்காது’ என்ற அளவாக நினைத்து 30, 100, 1000 என்று ஏற்றுவதுதான் இங்கே செய்த தப்பு. அது கூட்டல் கணக்கில் போய்ச் சேரும் எண். ஒரு பாதைக்காக ஏற்றியது அந்த லிங்கைத் தொடும் எல்லாப் பாதையிலும் ஏறும். உட்கார்ந்து இரண்டு வரி எழுதினால் விடை வருகிறது. தெற்கு லிங்கின் காஸ்ட் எக்ஸ் என்றால்:

மேற்கு-கிழக்கு தெற்கு வழி தோற்க வேண்டும்: எக்ஸ் + 10 > 20, அதாவது எக்ஸ் 10-ஐவிடப் பெரிது.
மேற்கு-தெற்கு நேர் வழி ஜெயிக்க வேண்டும்: எக்ஸ் < 20.

11 முதல் 19 வரை எதுவும் சரி. 20 போட்டால் தெற்குக்கு ஈசிஎம்பி ஆகிவிடும்.

மூன்றாம் சுற்று: 15

மேற்கு-தெற்கு, தெற்கு-கிழக்கு இரண்டு லிங்கிலும், நான்கு முனையிலும் 15. தெற்கு வழி 30, வடக்கு வழி 20, நேர் வழி 15. திசை மாறினாலும் எண் மாறாது. வடக்கு-கிழக்கு லிங்கை டவுன் செய்தால் மேற்கிலிருந்து கிழக்குக்கு தெற்கு வழி 30; வடக்கு போய் குறுக்கே இறங்கி வருவது 10+10+15=35, தோற்கிறது. விஈத்தில் ஒரு முனை விழுந்தால் மறுமுனையும் உடனே விழுவதால் மாற்றம் கண் இமைப்பதற்குள். நடுவில் ஒரு பிரிட்ஜ் வைத்தால் அந்தச் சொகுசு கிடையாது, டெட் டைமர் 40 விநாடி முடிய வேண்டும்.

ஒரே ரௌட்டரில் இரண்டு இன்டர்ஃபேஸின் காஸ்டை அடுத்தடுத்து மாற்றும்போது முதலாவது உடனே பரவுகிறது, இரண்டாவது சில விநாடி தாமதிக்கிறது. கோளாறு இல்லை: அதே எல்எஸ்ஏவை மறுபடி வெளியிட ஓஎஸ்பிஎஃப் குறைந்தது 5 விநாடி இடைவெளி விடும். இதை அறியாமல் ‘கமாண்ட் எடுக்கவில்லை’ என்று மூன்றாவது முறை மாற்றினால் குழப்பம் கூடும். டேட்டாபேஸில் ரௌட்டர் எல்எஸ்ஏவைத் திறந்து பார்ப்பதே நம்பகமானது. பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க் ஒவ்வொன்றுக்கும் அதில் இரண்டு பதிவு இருக்கும்: ஒன்று எதிர் ரௌட்டருக்கு, ஒன்று அந்த /30-க்கு ஸ்டப் நெட்வொர்க் என்று. இரண்டிலும் மெட்ரிக் (காஸ்ட்) 15 வந்திருக்க வேண்டும்.

லூப்பேக் கணக்கு: எஃப்ஆர்ஆர் லூப்பேக்குக்கு 0 வைக்கிறது, டேபிளில் [110/20] என்றே வரும். சிஸ்கோ 1 வைக்கும். கலந்த வலையில் 21 என்று பார்த்தால் அந்த 1 எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டாம். அடைப்புக்குள் முன்னால் உள்ள 110 டிஸ்டன்ஸ் (ரௌட்டைத் தந்தது யார் என்பதற்கான முன்னுரிமை எண்). அதை மாற்றிப் பாதையைத் திருப்பலாம் என்று முயல்பவர்கள் உண்டு; அது ஓஎஸ்பிஎஃப்பா ஸ்டாட்டிக்கா (கையால் எழுதிய ரௌட்டா) என்று அந்த ஒரு ரௌட்டருக்குள் நடக்கும் போட்டிக்கானது, எஸ்பிஎஃப்புக்கு அது தெரியவே தெரியாது.

காஸ்ட் செல்லாத இடங்கள்

வடக்கும் தெற்கும் 203.0.113.0/24-க்கு ஆளுக்கொரு ஸ்டாட்டிக் வைத்து ரீடிஸ்ட்ரிப்யூட் செய்தால் (ஓஎஸ்பிஎஃப்புக்குள் பரப்பினால்) இரண்டும் ஈ2 (வெளி மெட்ரிக்கை முதலில் பார்க்கும் வெளி ரௌட் வகை), மெட்ரிக் 20. மேற்கு எடுப்பது வடக்கை: மெட்ரிக் சமம் என்பதால் யார் அருகில் என்று பார்க்கிறது, 10-க்கு எதிராக 15. தெற்கில் ‘மெட்ரிக் 19’ என்று மாற்றினால் மேற்கும் கிழக்கும் தெற்குக்கு மாறுகின்றன. ஈ2-ல் வெளி மெட்ரிக் வேறுபட்டால் உள் தூரம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது. லிங்க் காஸ்டை எவ்வளவு திருகினாலும் அசையாது. வடக்கு மட்டும் தன் ஸ்டாட்டிக்கையே பிடித்துக்கொண்டிருக்கும், டிஸ்டன்ஸ் 1. இரண்டு பக்கமும் ‘மெட்ரிக்-டைப் 1’ (ஈ1) போட்டால் கூட்டல் திரும்பி வருகிறது: வடக்கு 20+10=30, தெற்கு 19+15=34. தெற்கு ஜெயிக்க 14-க்கு இறங்க வேண்டும், 15-ல் சமம்.

ஏரியா பிரிப்பு (வலையைப் பகுதிகளாகப் பிரிப்பது) இன்னும் கறார். குறுக்கு லிங்கை மூடிவிட்டு வடக்கின் இரண்டு லிங்கையும் ஏரியா 1-க்கு மாற்றி, தெற்கையும் மற்ற லூப்பேக்குகளையும் ஏரியா 0-வில் விட்டதில், மேற்கிலிருந்து கிழக்குக்கு எல்லாம் தெற்கில் 30-க்குப் போனது. வடக்கு லிங்குகளை 1 ஆக்கினாலும் மாறவில்லை. ஒரே ஏரியாவுக்குள் வழி இருந்தால் அதுதான். அடுத்து ஏரியா தாண்டியது, அடுத்து ஈ1, கடைசியில் ஈ2. காஸ்ட் ஒப்பீடு ஒரே வகைக்குள் மட்டும். எல்லாவற்றையும் ஏரியா 0-க்குத் திருப்பியாயிற்று.

கடைசிச் சோதனை: வடக்கைப் பராமரிப்புக்கு எடுப்பது

வடக்கின் லிங்குகளை ஒவ்வொன்றாக மூடுவதற்குப் பதில் ‘மேக்ஸ்-மெட்ரிக் ரௌட்டர்-எல்எஸ்ஏ அட்மினிஸ்ட்ரேட்டிவ்’. வடக்கு தன் எதிர் ரௌட்டர் லிங்குகளின் மெட்ரிக்கை 65535 என்று அறிவிக்கிறது. மேற்கிலிருந்து கிழக்குக்கு வடக்கு வழி 65545 ஆகி, தெற்கின் 30 ஜெயிக்கிறது. நெய்பர் யாரும் விழவில்லை. வடக்கின் லூப்பேக்குக்கு மேற்கிலிருந்து காஸ்ட் இன்னும் 10 தான், ஏனெனில் ஸ்டப் பதிவுகளை இது தொடுவதில்லை, மேற்கின் காஸ்ட் மேற்குடையது. உள்ளே நுழைந்து வேலை பார்க்கலாம். இந்த நடைமுறை ஆர்எஃப்சி 6987-ல் இருக்கிறது, 2013.

இந்த நிலையில் தெற்கையும் டவுன் செய்து பார்த்ததில் ட்ராஃபிக் வடக்கிலேயே 65545-க்கு ஓடியது. ஓஎஸ்பிஎஃப்பில் ரௌட்டர் எல்எஸ்ஏவின் 65535 என்றால் ‘கடைசி வழி’, ‘வழி இல்லை’ அல்ல. ஓஎஸ்பிஎஃப் போன்ற இன்னொரு முறையான ஐஎஸ்-ஐஎஸ்ஸில் வைட் மெட்ரிக்கின் உச்சமான 16777215 போட்டால் அந்த லிங்க் எஸ்பிஎஃப் கணக்கிலேயே சேராது. இரண்டிலும் வேலை செய்பவர்கள் ஒன்றின் பழக்கத்தை மற்றதில் போட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

‘நோ’ சேர்த்து அதே கட்டளை, மேற்கில் [110/20] திரும்பியது. ரீபூட்டுக்குப் பிறகும் சிறிது நேரம் ஒதுங்கியிருக்க ‘ஆன்-ஸ்டார்ட்அப்’ என்று விநாடிகளோடு போடலாம், 5 முதல் 86400 வரை எடுக்கும். வடக்கில் 120 போட்டு வைத்திருக்கிறது.