சோதனைக்கு முன் பதினாறு நாள்

ஜூன் 1, 2025, ஞாயிறு

17ஆம் தேதி காருக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனை. வண்டிக்கு வயது 18. போன வருஷம் நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நகத்தளவு பல்பு. அதற்காக இன்னொரு நாள் லீவு, இன்னொரு தடவை வரிசை. இந்த முறை எல்லாவற்றையும் நானே முதலில் பார்த்துவிடுவதாக இருக்கிறேன்.

ஒரு சிக்கல். 11 வருஷமாக ஓட்டுவதால் இதன் குறைகள் எதுவும் எனக்குக் குறையாகவே தெரிவதில்லை. டிரைவர் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். அது கைக்குத் தெரியும், எனக்கு நினைவே இருக்காது. அதனால் இன்று மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இந்த வண்டியைத் தொட்டே ஒரு வருஷம் இருக்கும்.

தெருமுனை தாண்டுவதற்குள், “ஏங்க, பள்ளத்துல இறங்குனா டொக்குனு கேக்குதே, அது என்ன?” என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது. அடுத்து, “ஹேண்ட்பிரேக்கை இவ்ளோ தூரமா இழுப்பீங்க?” வீடு திரும்பும்போது நோட்டில் ஏழு குறிப்பு. கதவைச் சாத்த அவளுக்கு மூன்று தடவை ஆனது. அது எட்டாவது.

ஜூன் 3, செவ்வாய்

இருட்டியதும் விளக்குகளைப் பார்த்தோம். மகள் பின்னால் நின்றுகொண்டாள்.

“பிரேக்கை மிதிங்கப்பா... எரியுது. ஆனா லெஃப்ட் சைடுல மஞ்சளும் லேசா எரியுது.”

இண்டிகேட்டரைப் போடவே இல்லை. இறங்கிப் போய், அவளை மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். இடது பிரேக் லைட்டும் மங்கல்.

முதலில் பல்பைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரே பல்புக்குள் இரண்டு இழை: பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டும் நன்றாகவே இருந்தன. அப்படியானால் எர்த். பிரேக் லைட்டுக்கு வரும் கரண்ட் எர்த் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால், அது பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து வேறு எங்காவது எர்த் கிடைக்குமா என்று சுற்றிப் போகும். போகிற வழியில் அதையும் மினுக்கிவிடும்.

டிக்கியின் உள் அட்டையை விலக்கினால், எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்கினேன். மகளுக்குத்தான் அதிக சந்தோஷம்: “நான்தானே கண்டுபிடிச்சேன்!”

ஜூன் 7, சனி

டொக் சத்தம். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு வைத்தேன். (வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.) சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினால், இடது பக்கம் லேசாக ஆடியது. வீல் பேரிங்கா (சக்கரம் சுழல உதவும் தாங்கி), பால் ஜாயிண்டா (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் குமிழ் மூட்டு)? இதற்கு ஒரு பழைய வழி உண்டு: இன்னொருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது ஆட்டிப் பார்ப்பது. ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். மனைவி மிதித்தாள். ஆட்டம் நிற்கவில்லை. இது என் கைக்கு மீறிய வேலை, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

தூக்கியது தூக்கியாயிற்று என்று டயர்களையும் பார்த்தேன். பல நாடுகளில் டயர் வரிகளின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி. தேய்ந்து அந்த அளவுக்கு வந்துவிட்டால் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிடும். என் டயர்களில் இன்னும் 4 மி.மீ. இருக்கிறது. ஆனால் பின் இடது டயரின் பக்கச்சுவரில் கடைசி நான்கு எண்கள் 2316. அதாவது 2016ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. ஒன்பது வயசு. குனிந்து விரலால் அழுத்தினால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரிகிறது. ஓடி ஓடித் தேயவில்லை, நின்று நின்றே கிழடாகிவிட்டது. மாற்றியே ஆக வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஹேண்ட்பிரேக். 11 கிளிக் வரை போகிறது. கேபிளை முறுக்கிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடியும். நான் போன தடவை செய்தது அதுதான், தப்பு. பின் சக்கர டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துவது பிரேக் ஷூ. அது தேயத் தேயத் தானாகவே வெளியே தள்ளிக்கொடுக்கும் அட்ஜஸ்டர் ஒன்று இருக்கிறது. அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கேபிளை இழுத்ததால் அந்தக் குறை மறைந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் கேபிளைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, ஷூ டிரம்மை லேசாக உரசும் வரை திருப்பி, கடைசியில்தான் கேபிளை இறுக்கினேன். இப்போது ஆறு கிளிக். உள்ளே இருந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். பழைய பிரேக் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

முதுகு வலிக்கிறது.

ஜூன் 12, வியாழன்

பால் ஜாயிண்ட் மாற்றியாயிற்று, வீல் அலைன்மெண்ட்டும் பார்த்தாயிற்று. டயர் புதுசு. வலது ஆக்சில் பூட்டில் (ஆக்சில் மூட்டின் கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் உறை) வெடிப்பு விழத் தொடங்கியிருக்கிறது, இன்னும் கிரீஸ் கசியவில்லை என்றார் மெக்கானிக். “இப்ப ஒண்ணும் செய்யாது சார், ரொம்ப நாள் விடாதீங்க.”

ஜூன் 14, சனி

கழுவல். வைப்பர் ரப்பர் மாற்றினேன். ஹெட்லைட் கண்ணாடி (உண்மையில் பிளாஸ்டிக்) வெயிலில் மஞ்சளாகியிருந்தது. 1000, 2000, 3000 எண் உப்புத்தாள்களைத் தண்ணீரில் நனைத்து வரிசையாகத் தேய்த்தால் தெளிகிறது. மேலே யூவி பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் பழைய மஞ்சளே திரும்பிவிடும். பற்பசை போதும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பிப் போன வருஷம் ஏமாந்தவன் நான்.

ஜூன் 17, செவ்வாய்

அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் போனேன். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். ஆறின எஞ்சினோடு போய் நின்றால் நல்ல வண்டிகூடப் புகையில் தோற்கும். வரிசையிலும் எஞ்சினை அணைக்கவில்லை.

புகை சரி. பிரேக் சரி. விளக்கு எல்லாம் சரி. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகிவிடாமல் காப்பது) விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைகிறதா என்றுகூடப் பார்த்தார் சோதனை செய்தவர். அப்புறம் பின்சீட்டில் கையை விட்டுத் துழாவியவர், “சார், நடு பெல்ட்டோட பக்கிள் எங்கே?” என்றார்.

நடுவில் யாரும் உட்கார்ந்து எத்தனையோ வருஷம். சீட்டுக்கு அடியில் மணிக்கட்டு வரை கையை விட்டு இழுத்தேன். பக்கிளோடு ஒரு காய்ந்த மிட்டாயும், மகளின் தொலைந்துபோன கிளிப்பும் வந்தன. மூன்று பெல்ட்டையும் மாட்டிக் காட்டினேன்.

பாஸ். ஆக்சில் பூட்டை மட்டும் கவனிக்கச் சொல்லிக் குறித்துக் கொடுத்தார். புதுசுக்கு இன்றே சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது டிரைவர் கதவை அவரே சாத்தினார். லேசாகத் தூக்கி, ஒரே தடவையில்.