தீவும் கோபுரமும், கிழிந்த சில பக்கங்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'லாஸ்ட்' தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள், ஸ்டீபன் கிங்கின் 'தி டார்க் டவர்' நாவல் வரிசையை இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடுங்கள். இரண்டின் முடிவையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

2009இல் வேளச்சேரியில் ஒரு மொட்டைமாடி அறையில் நான்கு பேர் இருந்தோம். எனக்கும் நாகர்கோவில்காரன் ஒருவனுக்கும் இரவு ஷிஃப்ட். விடியற்காலை ஐந்தரைக்கு கேப் இறக்கிவிடும். உடம்பு அசந்திருக்கும், தூக்கம் மட்டும் வராது. ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிவிட்டு, அவனுடைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த 'லாஸ்ட்' தொடரை முதல் சீசனிலிருந்து பார்க்க ஆரம்பித்தோம். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் ஓஷியானிக் 815 விமானம் ஒரு தீவில் விழுந்து நொறுங்குகிறது. பிழைத்தவர்கள் கரையில் கிடக்கிறார்கள். காட்டுக்குள் என்னமோ உறுமுகிறது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம்.

அதே சமயத்தில்தான் ஒரு பழைய புத்தகக் கடையில் 'டார்க் டவர்' முதல் நான்கு பாகங்கள் மொத்தமாகக் கிடைத்தன. ரோலண்ட் என்ற துப்பாக்கிக்காரன் எல்லா உலகங்களுக்கும் அச்சாக நிற்கும் ஒரு கோபுரத்தைத் தேடிப் போகிற கதை. கேப் வர லேட்டாகிற நேரங்களில் படித்தேன்.

இரண்டாவது பாகம் வந்தபோதுதான் பொறி தட்டியது. 1987இல் வந்த பாகம் அது. கடற்கரையில் காயத்தோடு கிடக்கிறான் ரோலண்ட். மணலில் சுவரே இல்லாமல் ஒரு கதவு மட்டும் தனியாக நிற்கிறது. திறந்தால் மறுபக்கம் ஒரு விமானம்! அதில் எடி டீன் என்கிற இளைஞன், ஹெராயினுக்கு அடிமை, உடம்பில் போதைப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு நியூயார்க் போகிறான். விமானக் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழ் போடுகிறான். அங்கிருந்து பொட்டலங்கள் கடற்கரைக்குக் கை மாறுகின்றன.

'லாஸ்ட்' முதல் கதையில் சார்லி என்ன செய்கிறான்? ஹெராயினோடு விமானக் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறான். கொஞ்ச நேரத்தில் கடற்கரையில் கிடக்கிறான்.

"மக்கா, இது நம்ம சார்லில்லா!" என்று நாகர்கோவில்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கே மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தீவு, வலப்பக்கம் கோபுரம் என்று எழுத ஆரம்பித்தோம். சக்கர நாற்காலி: அங்கே ஜான் லாக், இங்கே ரோலண்டோடு பயணம் போகிற சூசன்னா. (லாக் தீவில் விழுந்ததும் எழுந்து நடக்கிறான். சூசன்னாவுக்கு முழங்காலுக்குக் கீழே கால்களே இல்லை, அந்த அதிர்ஷ்டத்தைக் கிங் அவளுக்குக் கொடுக்கவில்லை.) சிறுவன்: அங்கே வால்ட், இங்கே ஜேக். கூடவே ஒரு வாயில்லா ஜீவன்: அங்கே வின்சென்ட் என்கிற நாய், இங்கே ஓய். ஓய் நாய் இல்லை. கிங் கற்பனை செய்த, சொன்னதைத் திருப்பிச் சொல்கிற ஒரு பிராணி. வாயில்லா ஜீவன் என்று எழுதியது தப்புதான்.

பலி கொடுப்பதும் உண்டு. முதல் பாகத்தில் கோபுரத்துக்கு வழி தெரியவேண்டும் என்பதற்காக, அதலபாதாளத்தின் மேல் தொங்குகிற ஜேக்கை விழ விட்டுவிட்டுப் போகிறான் ரோலண்ட். லாக்கின் பிடிவாதத்தால் பழைய விமானத்துக்குள் ஏறிய பூன் அதோடு சேர்ந்து விழுந்து சாகிறான். தீவு கேட்ட பலி அது என்று லாக் அப்புறம் அலுங்காமல் சொல்கிறான். லாக்கை ரோலண்டின் தம்பி என்றே எங்கள் அறையில் சொல்லிக்கொண்டோம்.

கரடிகளை விட்டுவிடக் கூடாது. 'லாஸ்ட்' ஆரம்பத்தில் வெப்பமண்டலத் தீவில் ஒரு பனிக்கரடி ஓடி வருகிறது. 'டார்க் டவர்' மூன்றாம் பாகத்தில் ஷார்டிக் என்ற ராட்சதக் கரடி, காட்டின் காவல் தெய்வம் மாதிரி. கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே இயந்திரம், நார்த் சென்ட்ரல் பாசிட்ரானிக்ஸ் என்கிற கம்பெனியின் தயாரிப்பு. பனிக்கரடியைக் கொண்டுவந்ததும் தர்மா இனிஷியேட்டிவ் என்கிற ஆராய்ச்சி அமைப்பு. தெய்வம், மாயம் என்று நாம் வாய் பிளக்கிற இடத்தில் கொஞ்சம் சுரண்டினால் எவனோ விட்டுவிட்டுப் போன பெயர்ப் பலகை தெரிகிறது. இரண்டு கதையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நிலத்தடி அறையில் 108 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கிற டெஸ்மண்டைப் பார்த்து, எதற்கென்றே தெரியாமல் ராத்திரி முழுக்கத் திரையில் எதையோ அமுக்கிக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் சிரிப்பே வரவில்லை.

எண்கள் விஷயம் ஊரறிந்தது. தீவுக்கு 4, 8, 15, 16, 23, 42. கூட்டினால் அதே 108. கோபுரத்துக்கு 19. 1999 ஜூன் 19 அன்று நடந்து போய்க்கொண்டிருந்த கிங் மீது ஒரு வேன் மோதியது. பிழைத்து வந்து கடைசி மூன்று பாகங்களையும் எழுதி முடித்தார், அந்த விபத்தையும் தன்னையும் கதைக்குள்ளேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தால் மூக்கு வியர்க்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் எண்களுக்குக் கிடைத்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

கறுப்பு உடைக்காரன் என்ற வில்லனையும் பெரிதாகப் பேசுவார்கள். 'டார்க் டவர்' முதல் வரியிலேயே பாலைவனத்தில் அவன் ஓடுகிறான். 'லாஸ்ட்' ஐந்தாம் சீசன் கடைசியில் ஒருவன் கறுப்புச் சட்டையோடு கடற்கரையில் வந்து உட்காருகிறான். இதில் என்ன இருக்கிறது, கெட்டவனுக்குக் கறுப்பு மாட்டிவிட யாருக்கும் தெரியும்.

திருட்டு என்று யாரும் சொல்லவேண்டாம். தொடரை நடத்திய டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் க்யூஸும் தாங்கள் கிங் ரசிகர்கள் என்பதை மறைத்ததே இல்லை. மூன்றாம் சீசன் தொடங்குவதே, ஜூலியட் வீட்டில் கூடி கிங்கின் 'கேரி' நாவலைப் பற்றிச் சண்டை போடுகிற காட்சியோடுதான். பிறகு ஜே.ஜே. ஏப்ரம்ஸோடு சேர்ந்து 'டார்க் டவர்' கதையைப் படமாக்கும் உரிமையைக் கிங்கிடம் வாங்கினார்கள். விலை எவ்வளவு தெரியுமா? 19 டாலர். 2009இல் நம்மால் ஆகாது என்று விட்டுவிட்டார்கள்.

தேதியையும் பாருங்கள். 'டார்க் டவர்' கடைசிப் பாகமான ஏழாம் பாகம் வெளியானது 2004 செப்டம்பர் 21. 'லாஸ்ட்' முதல் ஒளிபரப்பு செப்டம்பர் 22. கோபுரம் முடிந்த மறுநாள் தீவு தொடங்கியது.

2010 மே 23 அன்று அது முடிந்தது. இரண்டு நாள் கழித்து டவுன்லோடு செய்து பார்த்தோம். எல்லோரும் ஒரு தேவாலயத்தில் கூடுகிறார்கள், செத்துப்போனவர்களும் வருகிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

"அப்போ மொதல்லயே எல்லாரும் செத்துட்டாவளா?" என்றான் நண்பன். ஊர் உலகமே அப்படித்தான் கேட்டது. எழுத்து ஓடும்போது சானல் போட்ட ஆளில்லாத விமானச் சிதைவுக் காட்சிகள் வேறு குழப்பத்தைக் கூட்டின. தீவில் நடந்ததெல்லாம் நிஜம்தான், தேவாலயம் மட்டும்தான் சாவுக்கு அப்புறம் என்று புரிய வைப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

அந்த வருடக் கடைசியில் ஏழாம் பாகம் பழைய பிரதியாகக் கிடைத்தது. எடியும், இடையில் மீண்டு வந்திருந்த ஜேக்கும் இறந்துபோகிறார்கள். சூசன்னா ரோலண்டைப் பிரிந்து வேறொரு நியூயார்க்குக்குக் கதவு வழியாகப் போகிறாள். சென்ட்ரல் பார்க்கில் பனி, கிறிஸ்துமஸ் பாட்டு. அங்கே வேறொரு எடியும் வேறொரு ஜேக்கும் அவளுக்காக நிற்கிறார்கள். என் பிரதி அதோடு முடிந்தது. 'கா' என்று கிங் சொல்வதை நான் ஊழ் என்றுதான் படித்துக்கொண்டேன். ஊழ் சேர்த்துவைத்த கூட்டம் வேறோர் இடத்தில் மறுபடி சேர்ந்துவிட்டது. தேவாலயம் அங்கிருந்து வந்ததுதான் என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடினேன். மூன்று வருடம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

2013இல் நண்பன் மெல்போர்னில் இருந்தான். அங்கே நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு போன் செய்தான். "கடைசில திரும்ப அந்தப் பாலைவனம் வருகே, அத நீ சொல்லவே இல்லயே?"

"எந்தப் பாலைவனம்?"

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பின்னட்டைக்கு முன்னால், தையலோரம், விரல் நகம் அகலத்துக்குக் கிழிந்த தாள்களின் ஓரம். கவனித்ததே இல்லை. விற்ற கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது.

போட்டோ எடுத்து அனுப்பினான். தாம்பரத்திலிருந்து வருகிற ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே போனால் ஏமாந்துதான் போவீர்கள் என்று முதலில் கிங்கே வாசகரிடம் பேசுகிறார். (முன்பு வைத்திருந்தவர் அதை நம்பித்தான் கிழித்தாரோ என்னமோ.) பிறகு ரோலண்ட் கோபுரத்தில் ஏறுகிறான். ஒவ்வொரு தளத்திலும் அவனுடைய வாழ்க்கையில் ஒரு துண்டு. உச்சியில் அவன் பெயர் எழுதிய கதவு. திறந்தால் பாலைவனம். நடந்தது அத்தனையும் மறந்து, முதல் பாகத்தின் முதல் வரி அப்படியே திரும்ப வருகிறது. ஒரே ஒரு மாற்றம், போன முறை தொலைத்துவிட்டு வந்த ஊதுகொம்பு இந்த முறை அவனிடம் இருக்கிறது.

சைதாப்பேட்டையில் இறங்க வேண்டியவன் கிண்டி தாண்டியதையே கவனிக்கவில்லை, மாம்பலத்தில்தான் நிமிர்ந்தேன்.

'லாஸ்ட்' தொடங்குவது மூங்கில் காட்டில் கதாநாயகன் ஜாக்கின் கண் திறப்பதில். முடிவது அதே மூங்கில் காட்டில் அதே கண் மூடுவதில். இரண்டு கதையுமே இரண்டு முறை முடிகின்றன: ஒன்று கூட்டத்துக்கு, ஒன்று தனி ஆளுக்கு. தொடர்க்காரர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டினார்கள். ஜாக் சாகிற நேரத்திலேயே தேவாலயத்தில் அவனுக்கு இடம் போட்டாயிற்று. போதாததற்கு, மூங்கில்களுக்கு நடுவிலிருந்து வின்சென்ட் ஓடிவந்து அவன் விலாவை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. கிங்கோ ரோலண்டைக் காப்பாற்றப் போய் ஓய் செத்த பிறகுதான் அவனைக் கோபுரத்துக்குள்ளேயே விடுகிறார். கிங்கிடமிருந்து எடுத்ததையெல்லாம் எடுத்த தொடர்க்காரர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. அன்றைக்கு அதைக் கோழைத்தனம் என்று நண்பனுக்கு நீளமாக மெயில் எழுதினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அந்த போட்டோக்கள் பழைய போனோடு போய்விட்டன. வேறு பிரதி நான் வாங்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த நண்பன் வீட்டுக்கு வந்தான். அலமாரியைக் குடைந்து மூன்றாம் பாகத்தை எடுத்தபோது உள்ளேயிருந்து காலண்டர் தாள் விழுந்தது. மடிப்பில் மஞ்சளடித்திருந்தது. கடைசி வரி அவனுடைய கையெழுத்து: 'வின்சென்ட் / ஓய் – கடைசி வரை கூட இருக்குமா?' என்று கேள்விக்குறி போட்டிருந்தான். என் பேனாவை வாங்கி இடப்பக்கம் ஒரு டிக் அடித்தான். வலப்பக்கம் பேனாவைக் கொண்டுபோனவன், ஒன்றும் எழுதாமல் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.