தெஹாச்சபி மலை ரயிலைக் கேட்க: ஆன்டெனாவிலிருந்து இரண்டாவது ரிசீவர் வரை

கலிஃபோர்னியாவின் தெஹாச்சபிக்குக் குடிவந்ததிலிருந்து சரக்கு ரயில்களின் ரேடியோவைக் கேட்டு வருகிறேன். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து மலையேறி வரும் இந்தத் தடம் யூனியன் பசிஃபிக் ரயில் நிறுவனத்துடையது. இன்னொரு நிறுவனமான பிஎன்எஸ்எஃப்பின் ரயில்களும் இதிலேயே ஓடுகின்றன. 1876-ல் போட்ட பாதை. வழியில் வாலாங் என்ற இடத்தில் தண்டவாளம் ஒரு முழு வட்டம் அடித்து, 77 அடி உயர்ந்து, தன்னையே மேலே கடந்து போகிறது. நாலாயிரம் அடிக்கு மேல் நீளமான ரயில் என்றால் முன் எஞ்சின் தன் பின்பெட்டிகளுக்கு மேலேயே ஓடும். அந்த வட்டம் என் வீட்டிலிருந்து பத்து மைல்கூட இல்லை. ஆனால் அங்கிருந்து ஒரு சொல்கூட என் ஸ்கேனரில் (சேனல் சேனலாகத் தாவிக் கேட்கும் ரேடியோ) தெளிவாக விழவில்லை.

ரயில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஸ்பேட்சரின் குரல் மட்டும் எப்போதும் கணீரென்று வரும். அவருக்கு மலை உச்சிகளில் ரேடியோ நிலையங்கள் இருக்கின்றன. ரயிலோ பள்ளத்தில், சுரங்கத்துக்கும் பாறைக்கும் நடுவே. அதனால் அவர் கேள்வி காதில் விழும், ரயிலின் பதில் விழாது. பாதி உரையாடலைக் கேட்டுக்கொண்டே எத்தனை மாதம் இருப்பது?

முதலில் ஆன்டெனா. இங்கே ரயில்வே பேச்சு 160 முதல் 161.6 மெகாஹெர்ட்ஸுக்குள் நடக்கிறது. ஸ்கேனரோடு வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவை எடுத்துவிட்டு, எஸ்ஓ-239 என்ற கேபிள் சாக்கெட்டில் 44 செ.மீ. செம்புக் கம்பி ஒன்றை நட்டு, கீழே நான்கு கம்பிகளைச் சாய்த்துக் கட்டினேன். கால் அலைநீள ஆன்டெனா, அவ்வளவுதான். கூரை மேல் ஏற்றியதுமே வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் கேபிளில் கோட்டை விட்டேன். கையிலிருந்த பழைய ஆர்ஜி-58 கேபிளை ஐம்பது அடி ஓட்டினேன். இந்த அலைவரிசையில் அது கிட்டத்தட்ட 3 டெசிபல் தின்றுவிடும், அதாவது பிடித்த சிக்னலில் பாதி. இழப்பு குறைந்த எல்எம்ஆர்-400 கேபிளுக்கு மாற்றிய பிறகு இழப்பு ஒரு டெசிபலுக்குள் வந்தது. கொஞ்சம் விலைதான், ஆனால் சிக்னல் பெருக்கியை (ஆம்ப்ளிஃபயர்) வாங்கும் முன் கேபிளை மாற்றுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். நான் தலைகீழாகச் செய்தேன். பெருக்கி உள்ளூர் எஃப்எம் நிலையங்களையும் சேர்த்துப் பெருக்கி, ரயில் பேச்சின் மேல் பாட்டு ஏறியது. 88–108 மெகாஹெர்ட்ஸை வெட்டும் ஃபில்டர் போட்டதும் அடங்கியது.

முன்னேற்றத்தை அளக்க எனக்குக் கிடைத்த நல்ல அளவுகோல் தடத்தோரத்து டிஃபெக்ட் டிடெக்டர், அதாவது ஓடும் ரயிலில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. ரயில் கடந்ததும் அதுவாகவே பேசும்: எந்த ரயில்வே, எத்தனையாவது மைல்கல், குறை எதுவும் இல்லை, மொத்தம் எத்தனை அச்சுகள். இடம் மாறாது, சக்தி மாறாது, சொல்லும் விதமும் மாறாது. ரயில் வேறு இடத்தில் நின்று பேசியதால் நன்றாகக் கேட்டதா, ஆன்டெனாவால் கேட்டதா என்ற குழப்பமே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் எந்த டிடெக்டர் முழுதாகக் கேட்கிறது, எது அறுபடுகிறது என்று நோட்டில் குறித்தேன். அச்சு எண்ணிக்கை தெளிவாக விழுந்தால்தான் முழு மதிப்பெண். ஊர்ப்பக்க டிடெக்டர்கள் அத்தனையும் தேறிவிட்டன. முகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவை வெறும் இரைச்சல்.

அங்கேதான் புரிந்தது: இன்னும் பத்தடி உயர்த்தினாலும் மலை மலைதான். கேட்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அந்தப் பக்கத்தில் கீன் என்ற ஊரருகே வசிக்கும் நண்பர் ஒருவர் தன் கொட்டகைக் கூரையைக் கொடுத்தார். அங்கே அதே மாதிரி ஆன்டெனா, ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்), ஒரு ராஸ்ப்பெர்ரி பை (கையகலக் கணினி). இந்தக் குட்டி ரிசீவரால் ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பார்க்க முடியும். ரயில்வே அலைவரிசை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஸ்கேனர் போலச் சேனல் சேனலாகத் தாவ வேண்டாம், முதல் சொல் தவறாது. ஒலி அவர் வீட்டு இணையம் வழியாக எனக்கு வருகிறது.

சில நொடி தாமதம் உண்டு. டிஸ்பேட்சர் இரண்டு ரிசீவரிலும் கேட்பதால் முதலில் எதிரொலி போல இருந்தது. என் ஸ்கேனரை இடது காதுக்கும் கீனை வலது காதுக்கும் பிரித்துவிட்டேன். இப்போது எந்தப் பக்கம் ரயில் இருக்கிறது என்று காதே சொல்கிறது.

போன சனிக்கிழமை வலது காதில் வாலாங்கிலிருந்து ஓட்டுநர் பேசினார், முழு வாக்கியமாக. கொஞ்ச நேரத்தில் அதே குரல் இடது காதுக்கு மாறியது. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே ஹார்ன்.

கலியென்டே என்ற இடத்துத் தட வளைவிலிருந்து இன்னும் எதுவும் கேட்கவில்லை. அங்கே பள்ளம் ஆழம். மூன்றாவது கூரை தேடிக்கொண்டிருக்கிறேன்.