முள் விழுந்த இடம்

"மெதுவாக... இன்னும் மெதுவாக மிதியுங்கள் சார்."

சாவி மட்டும் போட்டிருந்தது, என்ஜின் ஓடவில்லை. பானெட்டுக்குள் குனிந்திருந்த மெக்கானிக்கின் கையில் பழைய முள் மீட்டர். 0.5 வோல்ட்டில் தொடங்கிய முள், ஆக்சிலரேட்டரில் என் கால் இறங்க இறங்க ஏறியது. 1... 1.2... சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, மறுநொடியே எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் 4.5 வரை போய் நின்றது.

"பார்த்தீர்களா?"

பார்த்தேன். பதினைந்து நாளாக வண்டி திக்கித் திணறியது அந்த இடத்தில்தான்.

முன்பு போன இடத்தில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். ஸ்கேனரில் பிழை எதுவும் இல்லையாம். கண்சிமிட்டுவதற்குள் வந்துபோவது அதில் எங்கே பதிவாகப் போகிறது?

த்ராட்டில் பொசிஷன் சென்சார். மிதிக்கும்போது என்ஜினுக்குக் காற்று போகும் கதவு எவ்வளவு திறக்கிறது என்பதை வோல்ட்டாகச் சொல்லும் கருவி. உள்ளே ஒரு கார்பன் பட்டை, அதன்மேல் உரசி நகரும் ஒரு தொடுமுனை. பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டும்போது கரகரக்குமே, அதே சங்கதி. தினமும் மிதிக்கும் அந்தக் கால்வாசித் தூரத்தில்தான் பட்டை தேய்ந்திருக்கிறது. முழுதாக மிதிக்கும் பகுதி இன்னும் புதிது. நம் ஊர்ச் சாலையில் அதுவரை யார் மிதிக்கிறார்கள்!

போன மாதம் அம்மாவின் முழங்காலை டாக்டர் இப்படித்தான் மெல்ல மடக்கிப் பார்த்தார். ஒரே ஒரு கோணத்தில் மட்டும் அம்மா முகம் சுளித்தாள்.

புது சென்சார் நாளைதான் வரும். இன்று பஸ்.