நிசேக்கோவில் ஒரு புதன்கிழமை

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோவில் உள்ள நிசேக்கோவுக்குப் பனிச்சறுக்குக்காகப் போய் வந்த படங்களைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் ஆளாளுக்குக் "கொடுத்து வைத்தவள்" என்கிறார்கள். படத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்தான். ஆனால் அந்தப் புதன்கிழமை எடுத்த படம் அதில் ஒன்றுகூட இல்லை.

காலைப் பொழுது உடுத்துவதிலேயே கழிந்தது. உள்ளே ஹீட்டெக் என்கிற சூடு காக்கும் உள்ளுடை, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் ஜாக்கெட், பனிப் பேண்ட், கழுத்துக்கு ஒன்று, கையுறை, ஹெல்மெட். சிங்கப்பூரில் செருப்பை மாட்டினால் கிளம்பிவிடுகிற பிள்ளைகள் இவர்கள். சின்னவளுக்குக் கடைசி ஜிப்பை இழுத்து விட்டு நிமிர்கிறேன், "அம்மா, சூச்சூ வருது" என்கிறாள். மறுபடி எல்லாவற்றையும் கழற்று.

வாடகைக் கடையில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஸ்கீ பூட்ஸ் என்பது கெட்டி பிளாஸ்டிக். கணுக்கால் மடங்காது, குதிகாலை முதலில் ஊன்றி, காலைக் கட்டிப் போட்ட கோழி மாதிரிதான் நடக்க வேண்டும். மகன் குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டிருந்தான். கடைப் பையன் ஒன்றைக் கழற்றச் சொன்னான், ஏனென்றால் உள்ளே இறுக்கமானால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைத்துப் போகுமாம். இவன் கேட்பானா? அங்கேயே ஒரு பஞ்சாயத்து.

அப்புறம் காற்று. முழுநாள் பாஸுக்குக் காசைக் கொட்டிக் கொடுத்து வெளியே வந்தால், அறிவிப்புப் பலகையில், சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடுகிற லிஃப்டுகளில் மேலே உள்ளவை எல்லாம் சிவப்பு. காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், அது பாதுகாப்புக்கு, சரி. சைபீரியாவிலிருந்து வருகிற குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலைகளில் பனியாகக் கொட்டுகிறது, ஊருக்கு இவ்வளவு பேர் வந்ததே அந்தக் காற்றின் புண்ணியம். அது எனக்கும் தெரியும். ஆனால் கீழே இரண்டு லிஃப்ட் ஓடுகிறதே, அதனால் காசு திரும்பாது என்று சிரித்த முகத்தோடு குனிந்து வணங்கிச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? மலைக்கு வந்த கூட்டம் மொத்தமும் அந்த இரண்டு லிஃப்டுக்கு முன்னால். எதிரே 1,898 மீட்டர் உயர யோட்டெய் மலை தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

சின்னவளுக்குச் சறுக்கலே வேண்டாம், பனிமனிதன் செய்தால் போதும். அதுவும் நடக்கவில்லை. அந்த ஊர்ப் பனி அவ்வளவு உலர்ந்தது, கையில் பிடித்தால் மாவாக உதிர்கிறது, உருண்டை நிற்கவே மாட்டேன் என்கிறது. சறுக்குகிறவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து தேடி வருவது அந்தப் பொடிப் பனியைத்தானாம். ஆறு வயதுக்காரியிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

அத்தை உணவகத்துக் கண்ணாடி ஓரமாக எங்கள் பைகளுக்குக் காவல். அவர் சைவம், அங்கே ராமென், கறி ரைஸ் எதை எடுத்தாலும் இறைச்சியோ மீன் சாறோ இருந்தது. நல்லவேளை, சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய புளிக்காய்ச்சல் கைப்பையில் இருந்தது, வெறும் சோறு வாங்கிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டார். அன்று வயிறு நிறைந்தது அவர் ஒருவருக்குத்தான்.

டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும். சறுக்குப் பலகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூட்ஸுக்குள்ளிருந்து மகனின் காலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம், காற்று அடங்கிவிட்டது, இன்னொரு லிஃப்டைத் திறந்துவிட்டோம், இரவிலும் சறுக்கலாம் என்று அறிவிப்பு வருகிறது. இவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க வேணா போங்க" என்றேன். போகவில்லை.

இப்போது அடுத்த டிசம்பருக்கு விலை பார்க்க ஆரம்பித்திருக்கிறார். பார்க்கட்டும். நானும் அத்தையும் திருச்சிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.